பின்தங்கிய காரோடு முன்னணிக் கார் மோதினால் பிழை யாருடையது?

2012 மார்ச் 25. மலேசியாவின் செப்பாங் தளத்தில் ஃபார்முலா 1 பந்தயம் மழையால் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியிருந்தது. தடம் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது. உலக சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல் நான்காம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், சுற்றுக்கணக்கில் பின்தங்கியிருந்தவர் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன். வெட்டல் அவரைக் கடந்து முடிக்கும் தறுவாயில் இரு கார்களும் உரசின. கார்த்திகேயன் காரின் முன்னிறக்கை பட்டு வெட்டலின் இடது பின் டயர் கிழிந்தது. வெட்டல் 11ஆம் இடத்தில் முடித்தார். ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

பந்தயம் முடிந்ததும் நடுவர் குழு கார்த்திகேயன்தான் மோதலுக்குக் காரணம் என்று முடிவு செய்து அவருடைய மொத்த நேரத்தோடு 20 விநாடிகளைச் சேர்த்தது. வெட்டல் தொலைக்காட்சி முன்னிலையில் அவரை முட்டாள் என்ற பொருள்பட ஏசினார். தான் ஒதுங்கி வழிவிட்டதாகவும், வெட்டல்தான் முழுமையாகக் கடக்கும் முன்னரே குறுக்கே வெட்டியதாகவும் கார்த்திகேயன் பதில் சொன்னார். பின்தங்கிய ஒருவர், தன் வேலையை ஒழுங்காகச் செய்யாமல் ஒரு சாம்பியனின் பந்தயத்தைக் கெடுத்துவிட்டார் என்பதே உலகெங்கும் பரவிய சித்திரம்.

அந்தச் சித்திரத்தை ஏற்கும் முன், அதே நாளில் நடந்த இன்னொரு மோதலையும் பார்க்க வேண்டும். பந்தயம் மறுபடி தொடங்கிய சிறிது நேரத்தில் ஜென்சன் பட்டன் இதே கார்த்திகேயன் மீது மோதித் தன் முன்னிறக்கையை உடைத்துக்கொண்டார். அதற்கு முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில் வென்றவர் பட்டன். அந்தக் கட்டத்தில் கார்த்திகேயன் பின்தங்கியவராக இருக்கவில்லை. கனமழை டயர்களோடு பந்தயத்தைத் தொடங்கிய துணிவால், பந்தயம் நிறுத்தப்பட்டபோது பத்தாம் இடம் வரை ஏறியிருந்தார். பட்டன் பிழை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். ஆக, ஒரே ஓட்டுநர், ஒரே பந்தயம், முன்வரிசை வீரர்களுடன் இரண்டு மோதல்கள். ஒன்றில் பழி பெரிய பெயர்மீது விழுந்தது. மற்றொன்றில் சிறிய பெயர்மீது விழுந்தது. இரண்டுக்கும் இடையே மாறியது என்ன? கார்த்திகேயனின் சுற்றுக்கணக்கு மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றம் பழியின் திசையைத் தீர்மானிக்கப் போதுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நீலக்கொடி இடும் கட்டளை

சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதிநூல் இதில் தெளிவாக இருக்கிறது. பந்தயத்தின்போது, தன்னை ஒரு சுற்று முந்தப்போகும் கார் ஒன்று பின்னால் நெருங்கினால் பின்தங்கிய ஓட்டுநருக்கு நீலக்கொடி காட்டப்படும். அதைக் கண்டதும், கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே அவர் வழிவிட வேண்டும். தொடர்ந்து அலட்சியப்படுத்தினால் தண்டனை உண்டு.

விதி சொல்வது இவ்வளவுதான். எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், வளைவிலா நேர்த்தடத்திலா, வேகத்தைக் குறைத்தா குறைக்காமலா என்பதையெல்லாம் அது ஓட்டுநரின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறது. பின்னால் வருபவர் மோதினாலும் பழி முன்னால் இருப்பவருக்கே என்றும் எங்கும் சொல்லவில்லை. கடக்கும் கார் தன் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது காட்ட வேண்டிய கவனம், அடுத்தவரைத் தடத்தை விட்டுத் தள்ளக் கூடாது என்ற கட்டுப்பாடு ஆகியவை நீலக்கொடியின் கீழும் அப்படியே நடப்பில் இருக்கின்றன. நீலக்கொடி பின்தங்கியவரிடமிருந்து இடத்துக்காகப் போராடும் உரிமையைத்தான் எடுத்துக்கொள்கிறது. தடத்தில் இருப்பதற்கான உரிமை அவரிடமே இருக்கிறது.

வழிவிடுவது வெளியிலிருந்து பார்ப்பதற்கு எளிது. ஓட்டுநர் இருக்கையில் அது வேறு கதை. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 70 மீட்டர் ஓடிவிடும். கண் கண்டதற்குக் கை அசையக் கால் விநாடி ஆகும் என்று வைத்தாலும் அதற்குள் 17 மீட்டர் போயிருக்கும். அது மூன்று கார்களின் நீளத்தைவிட அதிகம். பின்னால் என்ன நடக்கிறது என்பதை ஓட்டுநர் இரண்டு சிறு கண்ணாடிகளில் பார்த்துத்தான் அறிய வேண்டும். அவையும் அதிர்ந்துகொண்டே இருக்கும். 2023இல்தான் அவற்றின் அகலம் 150 மில்லிமீட்டரிலிருந்து 200 மில்லிமீட்டராகக் கூட்டப்பட்டது. பின்னால் இருப்பவற்றைப் போதுமான அளவு பார்க்க முடியவில்லை என்பதை விதிநூலே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஒதுங்குவதற்கு விலையும் உண்டு. எல்லாக் கார்களும் ஓடி ஓடித் தேய்த்த ரேசிங் லைனில்தான் டயருக்குப் பிடிமானம் கிடைக்கும். அதற்கு வெளியே டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர்த் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். ஒதுங்கிய காரின் டயர்களில் அவை ஒட்டிக்கொண்டால் அடுத்த சில வளைவுகளில் கார் வழுக்கும். மழைக்குப் பின் தடம் காயும்போது நிலைமை இன்னும் மோசம். காய்ந்த பாதை ஒரு கார் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். அதற்கு இருபுறமும் ஈரம். வழவழப்பான டயரில் ஓடுபவர் அந்த ஈரத்தில் கால் வைத்தால் சுழன்றுவிடலாம். செப்பாங்கில் அன்று இருந்தது இந்த நிலைதான்.

மக்லாரன் இழந்த ஒரே வெற்றி

பின்தங்கிய காரின் மீது பழி போடும் பேச்சில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 1988இன் இத்தாலியப் பந்தயம். அந்த ஆண்டு மக்லாரன் அணி 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. வெல்லாமல் விட்ட ஒரே பந்தயம், செப்டம்பர் 11 அன்று மொன்சாவில் நடந்தது. என்ஸோ ஃபெராரி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அயர்டன் சென்னா முன்னிலையில் இருந்தார். இரண்டு சுற்றுகள்தான் பாக்கி. முதல் சிக்கேனில் வில்லியம்ஸ் அணியின் ஜான்-லூயி ஷ்லெஸெரைப் பின்னுக்குத் தள்ளப் போனார். சின்னம்மை கண்ட நைஜல் மான்செலுக்குப் பதிலாக அந்த ஒரு பந்தயத்துக்காக அழைக்கப்பட்டவர் ஷ்லெஸெர். மறுநாள் அவருக்கு 40 வயது நிறைவடைய இருந்தது. அவர் வழிவிட நினைத்து வெளிப்பக்கம் போனார். பிரேக் பிடித்தபோது சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் அகலமாக வழுக்கியது. அவர் சரளையில் போய் நின்றுவிடுவார் என்று கணித்த சென்னா உட்பக்கம் திரும்பினார். ஆனால் ஷ்லெஸெர் காரை மீட்டுத் தடத்துக்குத் திரும்பிவிட்டார். இரு கார்களும் மோதின. சென்னாவின் கார் கரைக்கட்டின் மேல் ஏறி நின்றுவிட்டது. கெர்ஹார்ட் பெர்கரும் மிக்கேலே அல்போரெத்தோவும் முதல் இரண்டு இடங்களையும் ஃபெராரிக்குப் பெற்றுத் தந்தார்கள்.

ஷ்லெஸெரின் பெயர் அன்று முதல் இந்த ஒரு சம்பவத்தோடு ஒட்டிக்கொண்டது. அவர் கத்துக்குட்டி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை வேறு. 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளும் உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்; 1999, 2000இல் டாக்கர் ராலியில் வெற்றி. திறமையற்றவர் செய்த தவறு என்ற விளக்கம் இங்கே பொருந்தாது.

நடந்ததைப் பிரித்துப் பார்ப்போம். ஷ்லெஸெரின் முதல் பிழை, பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தது. அது பிழைதான். ஆனால் மோதலை உண்டாக்கியது அதற்கு அடுத்த நொடி. காரை மீட்கும் முயற்சியில் இருந்த ஒருவர் தடத்துக்குத் திரும்ப மாட்டார் என்று சென்னா முடிவு கட்டினார். அவருக்கு அவசரம் இருந்தது. ஃபெராரிகள் பின்னால் நெருங்கிக்கொண்டிருந்தன. அடுத்த நேர்த்தடம் வரை காத்திருந்தால் இழப்பு ஒரு விநாடியோ அதற்குச் சற்று மேலோ இருந்திருக்கும். அவர் காத்திருக்கவில்லை. இரண்டு பேரின் முடிவுகளும் சேர்ந்தே அந்த மோதலை உண்டாக்கின. ஆபத்தை முன்கூட்டியே பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தவர் பின்னால் வந்த சென்னாதான்.

சென்னா அந்த ஆண்டின் சாம்பியன் பட்டத்தை வென்றார். பதினெட்டு மாதங்கள் கழித்து 1990 மார்ச்சில், சொந்த ஊரான சாவ் பாலோவின் இன்டர்லாகோஸ் தளத்தில் முன்னிலையில் இருந்தபோது, டைரல் அணியின் சதோரு நகாஜிமாவைக் கடக்கப் போய் மறுபடியும் மோதினார். மூக்கை மாற்றிக்கொண்டு மூன்றாவதாக வந்தார். பின்தங்கியவர்களைத் தயக்கமின்றி ஊடுருவிக் கடப்பதில் சென்னாவுக்கு நிகர் எவருமில்லை என்று கொண்டாடப்பட்டார். அந்தத் திறமை அவருக்குப் பல வெற்றிகளைத் தந்தது. அதே துணிவு சில சமயம் விலையும் கேட்டது. வெற்றியை வீரனின் கணக்கிலும் விலையைப் பின்தங்கியவன் கணக்கிலும் எழுதுவது நியாயமான கணக்கு ஆகாது.

ஸ்பா: வழிவிட்டதே விபத்தானபோது

1998 ஆகஸ்ட் 30, பெல்ஜியத்தின் ஸ்பா தளம். கடும் மழை. மைக்கேல் ஷூமாக்கர் பெரிய இடைவெளியில் முன்னிலை வகித்தார். சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் அவருடைய எதிரி மிக்கா ஹக்கினென் ஏற்கெனவே வெளியேறிவிட்டார். இந்தப் பந்தயத்தை வென்றால் புள்ளிப்பட்டியலில் ஷூமாக்கர் முதலிடத்துக்கு வந்துவிடுவார். 25ஆம் சுற்றில் அவருக்கு முன்னால் இருந்தவர் ஹக்கினெனின் மக்லாரன் அணித்தோழர் டேவிட் கூல்ட்ஹார்ட். தொடக்கத்தில் நடந்த மோதலால் ஒரு சுற்று பின்தங்கியிருந்தார்.

வழிவிடும்படி அணியிலிருந்து கூல்ட்ஹார்டுக்குச் செய்தி வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார், ஆனால் ரேசிங் லைனை விட்டு விலகவில்லை. கூல்ட்ஹார்ட் காரின் சக்கரங்கள் கிளப்பிய நீர்த்திரைக்குப் பின்னால் ஷூமாக்கருக்கு எதுவும் தெரியவில்லை. முழு வேகத்தில் கூல்ட்ஹார்டின் பின்பக்கம் மோதினார். வலது முன்சக்கரம் பிய்ந்து போனது. மூன்று சக்கரங்களோடு காரைப் பிட்டுக்குக் கொண்டுவந்த ஷூமாக்கர், இறங்கி நேராக மக்லாரன் அணியின் கூடத்துக்குள் பாய்ந்தார். தன்னைக் கொல்லப் பார்த்ததாகக் கூல்ட்ஹார்ட் மீது குற்றம் சாட்டினார். இடையில் நின்றவர்கள் அவரைத் தடுத்து அழைத்துப் போனார்கள். அந்தப் பந்தயத்தை டேமன் ஹில் வென்றார். ஜோர்டான் அணிக்கு அது முதல் வெற்றி.

நடுவர்கள் கூல்ட்ஹார்டுக்குத் தண்டனை தரவில்லை. அவர் வேண்டுமென்றே செய்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் 2003இல் கூல்ட்ஹார்டே, அந்த நீர்த்திரைக்குள் ரேசிங் லைனிலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தது தன் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

இந்த வழக்கின் மதிப்பு இங்கேதான். கூல்ட்ஹார்ட் விதியை மீறியவர் அல்லர். வழிவிட வேண்டும் என்ற விதியைப் பின்பற்ற முயன்றவர். தவறு, வழிவிட்ட முறையில் இருந்தது. பார்வைக்கு எட்டாத இடத்தில், எதிர்பாராத வேகத்தில், எதிர்பார்க்கும் பாதையிலேயே இருந்தார். அதேபோல், முன்னால் ஒரு கார் இருக்கிறது என்று தெரிந்தும், எதுவும் தெரியாத திரைக்குள் முழு வேகத்தில் நுழைந்தது ஷூமாக்கரின் தேர்வு. நம் சாலைகளில் பின்னாலிருந்து வந்து இடித்தவன்மீதுதான் முதல் சந்தேகம் விழும். முன்னால் இருப்பவன் என்ன செய்வான் என்று கணிக்க இயலாதபோது இடைவெளி விடுவது பின்னால் வருபவனின் பொறுப்பு என்பதே அதன் நியாயம். பந்தயத்தடத்தில் அந்த நியாயம் முழுதாகச் செல்லாது. ஆனால் கண் தெரியாத மழையில் அது முற்றிலும் இல்லாமலும் போய்விடாது.

இன்டர்லாகோஸ்: முன்னிலையிலிருப்பவரோடு போட்டியிடலாமா?

2018 நவம்பர் 11 அன்று இன்டர்லாகோஸில் நடந்ததில் திசை தலைகீழ். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முன்னிலையில் இருந்தார். ஒரு சுற்று பின்தங்கியிருந்த எஸ்தபான் ஓக்கோன் புத்தம்புது சூப்பர்சாஃப்ட் டயர்களோடு பிட்டிலிருந்து வெளியே வந்தார். அந்த நேரத்தில் அவருடைய கார்தான் வேகமானது. இழந்த சுற்றை மீட்டெடுக்க, 44ஆம் சுற்றில் முதல் வளைவில் வெளிப்பக்கமாக வெர்ஸ்டாப்பனுக்கு அருகில் வந்தார். அடுத்த வளைவில் அவர் இருந்த பக்கம் உட்பக்கமானது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மோதலில் வெர்ஸ்டாப்பன் சுழன்றார். லூயிஸ் ஹாமில்டன் முன்னால் போய் வென்றார். வெர்ஸ்டாப்பன் ஒன்றரை விநாடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக வந்தார்.

நடுவர்கள் ஓக்கோனுக்குப் பிட்டில் 10 விநாடி நின்று போகும் தண்டனை தந்தார்கள். பந்தயம் முடிந்ததும் எடைபார்க்கும் இடத்தில் வெர்ஸ்டாப்பன் ஓக்கோனைப் பலமுறை பிடித்துத் தள்ளினார். அதற்காக அவருக்கு இரண்டு நாள் பொதுச்சேவை விதிக்கப்பட்டது. அதில் ஒரு நாளை மராகேஷில் ஃபார்முலா ஈ பந்தய நடுவர்களோடு அமர்ந்து கழித்தார்.

சுற்றை மீட்டெடுக்கப் பின்தங்கியவருக்கு உரிமை உண்டு. அதை எவரும் மறுக்கவில்லை. அன்றைய பந்தய இயக்குநர் சார்லி வைட்டிங்கும் அதை ஏற்றுக்கொண்டார். முன்னிலைக்குப் போராடுவதுபோல் அவர் போட்டியிட்டதைத்தான் ஏற்க முடியாது என்றார். இந்த வேறுபாடு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஓக்கோனுக்கு அந்த வளைவில் கிடைக்கக்கூடியது ஒரு சுற்றின் மீட்பு. வெர்ஸ்டாப்பன் இழக்கக்கூடியது பந்தயம். கடக்க விரும்பியவர் ஓக்கோன், காத்திருக்கக்கூடியவரும் அவரே. வேகமான டயர் கையில் இருக்கும்போது அடுத்த நேர்த்தடத்தில் கடப்பது கடினமன்று. ஆகவே பெரும்பங்கு பழி அவருடையதுதான்.

ஆனால் பந்தயத்துக்குப் பின் ஹாமில்டன் வெர்ஸ்டாப்பனிடம் சொன்னதன் சாரத்திலும் உண்மை இருக்கிறது. இழப்பதற்கு எதுவும் இல்லாதவரோடு, எல்லாவற்றையும் இழக்கக்கூடியவர் இடத்துக்குப் போட்டியிடக் கூடாது என்பதே அது. அறிவுரையாக அது பொன்னானது. தீர்ப்பாக அது செல்லாது. முன்னணியில் இருப்பவர் புத்திசாலித்தனமாக ஒதுங்கியிருக்கலாம் என்பதால் மோதியவரின் பழி குறைந்துவிடாது. புத்திசாலித்தனத்தையும் பிழையையும் ஒன்றாக்கிக் குழப்புவதுதான் இந்த விவாதங்களில் அடிக்கடி நிகழ்கிறது.

இன்னொரு குழப்பமும் அன்று எழுந்தது. ஓக்கோன் மெர்சிடிஸ் அணியின் வளர்ப்பு. மோதலால் பயனடைந்த ஹாமில்டனும் மெர்சிடிஸ். அதனால் சந்தேகம் கிளம்பியது. ஸ்பாவில் கூல்ட்ஹார்ட் மீது எழுந்ததும் இதே சந்தேகம். யாருக்கு லாபம் என்று கேட்டு யார் குற்றவாளி என்று முடிவு கட்டுவது புலன்விசாரணையின் தொடக்கத்துக்கு உதவலாம். தீர்ப்புக்குத் தனி ஆதாரம் வேண்டும்.

லெ மான் கற்றுத்தந்த வேறு ஒழுக்கம்

பின்தங்கிய காரைக் கடப்பது ஃபார்முலா 1இல் அவ்வப்போது நேரும் நிகழ்வு. லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் அது ஒவ்வொரு சில நிமிடமும் நடக்கும் வேலை. பல வகைக் கார்கள், பல்வேறு வேகங்கள், தொழில்முறை ஓட்டுநரும் பொழுதுபோக்கு ஓட்டுநரும் ஒரே தடத்தில், இரவும் பகலும். அங்கே எழுதாத ஒழுக்கம் ஒன்று வளர்ந்திருக்கிறது. மெதுவான கார் தன் பாதையிலேயே நிதானமாகப் போக வேண்டும், கணிக்க முடியாதபடி எதையும் செய்யக் கூடாது. பாதுகாப்பாகக் கடக்கும் இடத்தைத் தேடுவது வேகமான காரின் பொறுப்பு.

அந்த ஒழுக்கமும் தவறும். 2011இல் ஒரே பந்தயத்தில் ஆடி அணி தன் மூன்று கார்களில் இரண்டை இப்படித்தான் இழந்தது. முதல் மணிநேரத்திலேயே ஆலன் மக்நிஷின் கார் ஒரு ஃபெராரியோடு உரசித் தடுப்பில் பறந்து மோதியது. அதன் சக்கரங்களும் துண்டுகளும் தடுப்பைத் தாண்டிப் புகைப்படக்காரர்கள் நின்ற இடத்தருகே விழுந்தன. இரவில் மைக் ராக்கன்ஃபெல்லரின் கார் இன்னொரு ஃபெராரியோடு உரசிச் சிதறியது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். இரண்டாம் விபத்தில் ஃபெராரி ஓட்டுநர்மீது தவறு என்று முடிவு செய்த நடுவர்கள், அவரை அந்தப் பந்தயத்தில் மேற்கொண்டு ஓட்ட விடவில்லை. எஞ்சிய ஒரே ஆடி 14 விநாடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றது.

இதே லெ மானில்தான் பழி பற்றிய மிகக் கனத்த தீர்ப்பும் எழுதப்பட்டது. 1955 ஜூன் 11 மாலை, முன்னிலைக்காக ஓடிக்கொண்டிருந்த ஜாகுவார் ஓட்டுநர் மைக் ஹாதார்ன், பல சுற்றுகள் பின்தங்கிய லான்ஸ் மாக்லினைக் கடந்த கையோடு பிட்டுக்காகப் பிரேக் பிடித்தார்.  மாக்லினின் ஆஸ்டின்-ஹீலியால் அவ்வளவு விரைவில் வேகம் குறைக்க முடியவில்லை. அவர் இடப்பக்கம் விலகினார். பின்னால் அதிவேகத்தில் வந்த பியர் லெவெக்கின் மெர்சிடிஸ் அவர்மீது ஏறிப் பறந்து பார்வையாளர் கூட்டத்தில் சிதறியது. லெவெக்கோடு எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹாதார்ன் குற்றவாளியா, மாக்லினா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. அரசு விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாக்கவில்லை. பிட்டுக்கும் தடத்துக்கும் இடையே சுவரோ, வேகம் குறைக்கத் தனிப்பாதையோ இல்லாத குறுகிய தளமே காரணம் என்றது. அடுத்த ஆண்டுக்குள் அந்தப் பகுதி இடித்துக் கட்டப்பட்டது.

யாரை நோவது என்பதில் மட்டும் விசாரணை நின்றிருந்தால் ஓட்டுநர் ஒருவர் தண்டிக்கப்பட்டிருப்பார். தளம் அப்படியே இருந்திருக்கும்.

கொடி ஒன்று, பொருள் வேறு

நீலக்கொடியின் கட்டளை இயற்கை நியதி அன்று. அது ஒரு பந்தய மரபின் தேர்வு. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் நீலக்கொடியின் குறுக்கே ஒரு பட்டை இருக்கும். வேகமான கார் வருகிறது என்ற அறிவிப்புதான் அது, கட்டளை இல்லை. சூழலும் வேறு. 2003இலிருந்து அங்கே மஞ்சள்கொடி விழும்போது, ஒரு சுற்று பின்தங்கியவர்களில் முதலாவதாக இருப்பவருக்கு இழந்த சுற்று திரும்பக் கிடைக்கும். ஆகவே பின்தங்கியவருக்கும் தன் இடத்தைக் காத்துக்கொள்ள உண்மையான போட்டிக் காரணம் இருக்கிறது. முன்னணியில் வருபவர் அவரை முறையாகக் கடந்தே போக வேண்டும்.

ஆகவே, பின்தங்கியவன் எப்போதும் ஒதுங்கிப் போகக் கடன்பட்டவன் என்ற எண்ணம் மோட்டார் பந்தயத்தின் அடிப்படை உண்மை அன்று. ஃபார்முலா 1 தன் வசதிக்காக அமைத்துக்கொண்ட ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏற்பாட்டைத் தீர்ப்பாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

விளைவை வைத்துத் தண்டிக்கலாமா?

செப்பாங்குக்குத் திரும்பினால், அங்கே விளைவு எவ்வளவு பெரிதாக ஆகியிருக்கலாம் என்பது புரியும். நான்காம் இடத்துக்கு 12 புள்ளிகள். அன்றைய பந்தயத்தை வென்றவர் பெர்னாண்டோ அலோன்சோ. ஆண்டு முடிவில் வெட்டல் 281 புள்ளிகளோடு சாம்பியன் ஆனார், அலோன்சோ 278. அந்த மூன்று புள்ளி வித்தியாசம் மறுபக்கம் விழுந்திருந்தால், ஒரு உலகப் பட்டம் கார்த்திகேயனின் முன்னிறக்கையால் கைமாறியது என்று இன்றும் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பாரம் அவர்மீது விழுவது நியாயமா? உரசலின் கனம் பாதிக்கப்பட்டவரின் புள்ளிப்பட்டியலால் கூடுவதில்லை. அதே உரசல் இருபதாம் இடத்துக்காரரோடு நடந்திருந்தால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். செயலைத்தான் தண்டிக்க வேண்டும், விளைவை அல்ல என்ற கொள்கையை நடுவர்கள் பேச்சளவில் எப்போதும் ஏற்கிறார்கள். நடைமுறையில் முன்னணிக் கார் அடிபட்டால் விசாரணையின் வேகமும் கண்டனத்தின் சத்தமும் கூடிவிடுகின்றன.

அண்மை ஆண்டுகளின் ஃபார்முலா 1 விதிநூலில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. முழுமையாகவோ பெரும்பாலுமோ ஒருவர்மீதே பிழை என்பது தெளிவாக இல்லாவிட்டால் தண்டனை இல்லை. இந்த அளவுகோலைச் செப்பாங்குக்குப் பொருத்தினால் எனக்குக் கிடைக்கும் விடை: கார்த்திகேயனுக்குத் தண்டனை தந்திருக்கக் கூடாது. வெட்டல் பெரும்பகுதி கடந்துவிட்டார். கார்த்திகேயன் வழிமறித்ததாக எவரும் சொல்லவில்லை. காய்ந்த குறுகிய பாதைக்கு இருவரும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டியிருந்தது. முன்னால் போனவர் இன்னும் அரை விநாடி பொறுத்திருக்கலாம். பின்னால் இருந்தவர் இன்னும் சற்று வேகம் குறைத்திருக்கலாம். பிழை பகிரப்பட்டது. பகிரப்பட்ட பிழைக்கு ஒருவரை மட்டும் தண்டித்தது சரியன்று.

அவருடைய கார் எப்படிப்பட்டது என்பதும் கணக்கில் வர வேண்டும். அதற்கு முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில், அவருடைய எச்ஆர்டி அணியின் இரு கார்களும், தகுதிச் சுற்றின் அதிவேக நேரத்தில் 107 சதவீதம் என்ற எல்லைக்குள் வராததால் பந்தயத்திலேயே சேர்க்கப்படவில்லை. ஆனாலும் செப்பாங்கில், அவ்வளவு வேக வேறுபாடு உள்ள கார்களை ஒரே தடத்தில் ஓட அனுமதித்தது விதி. அந்த வேறுபாட்டால் எழும் ஆபத்து முழுவதையும் மெதுவான காரின் ஓட்டுநர் தலையில் கட்டுவது, 1955க்கு முந்தைய சிந்தனை.

தீர்ப்புக்கு நான்கு கேள்விகள்

இந்த வழக்குகளையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்த மோதலுக்கும் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, யார் கணிக்க முடியாதபடி அசைந்தார்? வழிவிடும் வேகத்தில் திடீரென்று பிரேக் பிடிப்பதும், கடந்து முடிக்கும் முன் குறுக்கே வருவதும் ஒரே வகைப் பிழை.

இரண்டாவது, யாரால் பார்க்க முடிந்தது? நல்ல வெளிச்சத்தில் முன்னால் இருப்பவரை முழுதாகப் பார்க்கும் வசதி பின்னால் வருபவருக்கே. மழைத்திரையில் அந்த வசதி போய்விடுகிறது. அப்போது முன்னால் இருப்பவரின் பொறுப்பு கூடுகிறது.

மூன்றாவது, யாரால் காத்திருக்க முடிந்தது? கடக்கும் இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பவர் கடப்பவரே. தேர்வு எவரிடமோ பொறுப்பின் முதல் பங்கும் அவரிடம். ஓக்கோனைக் குற்றவாளியாக்குவதும் சென்னாவைக் கேள்வி கேட்பதும் இதே அளவுகோல்தான்.

நான்காவது, கொடிக்குக் கீழ்ப்படிந்தாரா? இது கடைசிக் கேள்வியாக வர வேண்டும். இன்று இதுவே முதல் கேள்வியாகவும், பல நேரங்களில் ஒரே கேள்வியாகவும் இருக்கிறது.

இந்த நான்கிலும் சாம்பியனா, கடைசி இடத்துக்காரரா என்ற கேள்வி இல்லை. யாருக்கு எத்தனை புள்ளி போயிற்று என்பதும் இல்லை.

ரேடியோப் பதிவு, டெலிமெட்ரி, பல கோணப் படங்கள் என நடுவர்களிடம் இன்று எல்லாம் இருக்கின்றன. 2010 முதல் நடுவர் குழுவில் முன்னாள் ஓட்டுநர் ஒருவரும் அமர்கிறார். இவ்வளவு வசதிக்குப் பிறகும் தீர்ப்புகள் சில வரிகளில் முடிந்துவிடுவது போதாது. யாருக்கு எவ்வளவு தண்டனை என்று அறிவிப்பதோடு நிறுத்தாமல், ஏன் அவர் பெரும்பங்குப் பிழைக்குரியவர் என்பதையும் நடுவர்கள் விரிவாக எழுத வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையின் கரி தளத்திலும் பந்தயம் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர், முன்னணிக்கு வரும் முன் பல முறை நீலக்கொடியைப் பார்க்கப் போகிறவர்கள். எப்படி வழிவிடுவது, எப்படிக் கடப்பது என்ற இரண்டையும் ஒரே கனத்தோடு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது பயிற்சியாளர்களின் கடமை. வழிவிடும் கடமை பின்தங்கியவருடையது. மோதாமல் கடக்கும் கடமை கடந்து போகிறவருடையது. இரண்டில் எது மீறப்பட்டதோ அதன்மீதுதான் பழி விழ வேண்டும்.